ஜால்ராவைக் காணோம்

ஆடி பிறந்துவிட்டால் மைக் செட்காரனுக்குத் தூக்கம் கிடையாது. இரவெல்லாம் அம்மன் பாட்டுக் கத்திய குழாய்களில் இரண்டு மூன்று, காலையில் கரகரப்போடு என் மேஜைக்கு வந்துவிடும். யூனிட்டைப் பிரித்தாலே கருகிய காயில் வாடை அடிக்கும். டயாஃப்ரத்தை மாற்றி மூடுவேன்.

ஒருமுறை, டயாஃப்ரத்துக்கு எதிரே இருக்கும் சின்னக் குமிழ் கழன்று ஆடிக்கொண்டிருந்தது. தூசிக்கு வைத்த அடைப்புதானே என்று எடுத்துப் போட்டுவிட்டு மூடிக் கொடுத்தேன். மறுநாளே ஆள் வந்துவிட்டார்: "பாட்டு வருதுண்ணே, ஜால்ராவைக் காணோம்."

அந்தக் குமிழின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் அமெரிக்காவில் போய் நிற்கிறது. காந்தத்துக்கு நடுவே கம்பிச் சுருளை ஆடவிட்டுக் குழாயை மாட்டி, கூட்டத்துக்குக் கேட்கவைத்தவர்கள் ஜென்சனும் பிரிதாமும். 1915 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்துக்கு முன்னால். சத்தம் வந்தது. தெளிவு வர இன்னும் பத்து வருஷம் ஆனது.

பெல் ஆய்வகத்தின் வென்டேயும் துராஸும் வடிவமைத்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 555 என்ற குழாய் யூனிட், 1926-ல் பேசும்பட முயற்சிகளோடு தியேட்டருக்கு வந்தது. கொடுக்கும் மின்சாரத்தில் பாதி வரை ஒலியாக்கும். வீட்டு ஸ்பீக்கர்கள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஆக்கினாலே பெரிது. வால்வு ஆம்ப்ளிஃபயர் சில வாட்டுக்கே திணறிய காலத்தில் வேறு வழியும் இல்லை. காயிலுக்கு உருண்டைக் கம்பி கிடையாது. அலுமினிய நாடாவை விளிம்பில் நிறுத்திச் சுற்றி, அரக்குப் பூச்சால் ஒட்டியிருப்பார்கள். நிலைக்காந்தமும் இல்லை. 7 வோல்ட், 1.5 ஆம்பியர் ஓடினால்தான் அது காந்தம்.

555-க்குள்ளும் இருந்த அந்தக் குமிழுக்கு வருகிறேன். டயாஃப்ரத்தின் நடுவிலிருந்து குழாயின் வாய்க்குத் தூரம் குறைவு, விளிம்பிலிருந்து அதிகம். கனத்த ஒலிக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை. கீச்சொலிக்கோ, ஒரு வடம் இழுக்கும்போது மறு வடம் தளர்ந்த தேர் மாதிரி, ஒன்றை ஒன்று தின்றுவிடும். குமிழை வைத்து, சுற்றிலும் வளையமாக ஓர் இடுக்கு விட்டால், இரண்டு பாதையும் ஏறக்குறைய ஒரே நீளமாகிவிடும். இடுக்கில் நெருக்கப்படும் காற்றுக்கு அழுத்தமும் கூடும்.

555-ஐ ஜப்பானியர்கள் இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள். விலையைக் கேட்டால் கடையை எழுதிக் கொடுத்தாலும் போதாது.

நல்லவேளை, குமிழைக் குப்பையில் போடவில்லை. ஸ்க்ரூ டப்பாவில் கிடந்தது. அரால்டைட் தடவி, ஒரு ராத்திரி காயவிட்டு, காசு வாங்காமல் மாட்டிக் கொடுத்தேன்.