கத்தரிக்காத ‘ட்ரிம்’

சலூனில் தாடியை ‘ட்ரிம்’ பண்ணச் சொல்கிறோம். ஓரம் கத்தரிப்பது, அளவாகக் குறைப்பது என்பதுதான் நாம் அறிந்த பொருள். ஆனால் அதே வினையிலிருந்து பிறந்த ‘ட்ரிம்மிங்ஸ்’, உடையின் விளிம்பில் வைத்துத் தைக்கும் லேஸையும் ஜரிகையையும் குறிக்கிறது. முன்னது குறைப்பது, பின்னது கூட்டுவது. ஒரே சொல் எப்படி இரண்டுக்கும் பொருந்தும்?

பழைய ஆங்கிலத்தில் ‘ட்ரும்’ என்றால் வலுவானது, உறுதியானது. அதன் வினை ‘ட்ரிமியன்’: உறுதிப்படுத்து, அணிவகுத்து நிறுத்து. 991இல் எசெக்ஸ் பகுதியின் மால்டனில் வைக்கிங்குகளோடு நடந்த போரைப் பற்றி ஒரு பழம்பாடல் உண்டு. படைத்தலைவன் பிர்ஹ்ட்நோத் வீரர்களை அணிவகுத்து நிறுத்துவதை அது இந்த வினையால்தான் சொல்கிறது. கத்தரிக்கு அங்கே வேலையே இல்லை. இன்னும் ஆழமாகத் தோண்டும் மொழியறிஞர்கள், மரத்தையும் உறுதியையும் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றைக் காட்டுகிறார்கள். தேவதாருவில் உள்ள ‘தாரு’வும் அந்த வேரில் முளைத்ததுதான்.

பிறகு சில நூற்றாண்டுகள் இந்த வினை எழுத்தில் அநேகமாகத் தென்படுவதில்லை. 16ஆம் நூற்றாண்டில் அது மீண்டும் தலைகாட்டும்போது கப்பல், உடை, விளக்கு, தலைமுடி என்று கண்ட இடமெல்லாம் புழங்குகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ‘சீர் செய்’ என்ற ஒரே பொருள். உடையைச் சீர் செய்ய எதையாவது சேர்க்க வேண்டும். விளக்கைச் சீர் செய்யத் திரியின் கருகிய நுனியைக் கிள்ள வேண்டும். முடியைச் சீர் செய்ய வெட்டியாக வேண்டும். வெட்டு இந்தச் சொல்லுக்குள் நுழைந்த வழி இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. 1611இல் வந்த ஆங்கில விவிலியத்தில், ஓர் உவமையில் வரும் பத்துக் கன்னியர் தங்கள் விளக்குகளை ‘ட்ரிம்’ செய்கிறார்கள். கிரேக்க மூலத்தில் அங்கே இருக்கும் வினைக்கு ஒழுங்குபடுத்து, அழகுபடுத்து என்று பொருள். ‘காஸ்மெடிக்ஸ்’ அதன் உறவு.

பழம்பொருளை விடாமல் காத்தவர்கள் கப்பல்காரர்கள். கப்பல் சாயாமல் சமநிலையில் மிதப்பது அவர்களுக்கு ‘ட்ரிம்’. இங்கிலாந்து அரசியலில் இரு தரப்புக்கும் நடுவில் நின்றவர்களை ‘ட்ரிம்மர்’ என்று ஏசியபோது, அரசியல்வாதியான ஹாலிஃபாக்ஸ் பிரபு அதைப் பெருமையாக ஏற்றுக்கொண்டு ஒரு நூலே எழுதினார். அது 1688இல் அச்சானது. நீராவிக் கப்பல்களிலும் ‘ட்ரிம்மர்’ என்றொரு வேலையாள் இருந்தார். கிடங்கு நிலக்கரியைக் கொதிகலன் பக்கம் தள்ளிக்கொண்டு போவதும், ஒரு பக்கம் பாரம் ஏறாமல் அதை நிரவுவதும் அவர் வேலை. இன்றைய விமானியும் விமானத்தின் மூக்கு ஏறாமல் இறங்காமல் நிற்கச் செய்வதை ‘ட்ரிம்’ என்றே சொல்கிறார்.