கீழூரில் கூடிய 178 பேர்

அடுத்த மாதம் நெருப்பெரிச்சலில் எங்கள் வீட்டில் ஒரு சின்னக் கூட்டம். புதுச்சேரியில் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகளின் பனியன் கம்பெனி உத்தியோகத்தை ஒட்டித் திருப்பூர், கோவைப் பக்கம் வந்து சேர்ந்த ஆறு பேர் கூடுகிறோம். ஏற்பாடு என் பொறுப்பு. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். நிகழ்ச்சி நிரலை 'ஓர்த்ரு தியு ழூர்' என்று சொன்னால்தான் எனக்குத் திருப்தி. காகிதத்தை எடுத்து உட்கார்ந்ததும் கீழூர் நினைவுக்கு வந்தது.

பிரெஞ்சுக்காரர்களின் 1946 அரசியல் சட்டத்தில் 27ஆம் பிரிவு ஒன்று உண்டு. சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அது. அதனால் இணைப்பை இரண்டு அரசுகள் மட்டும் பேசி முடித்துவிட முடியாது. சந்திரநாகூரில் 1949 ஜூன் 19 அன்று மக்களே வாக்களித்தார்கள். இணைப்புக்கு 7,473 பேர், எதிராக 114 பேர்.

புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாமுக்கு வழி வேறு. 1954 மார்ச்சில் எதுவார் குபேர் முதலானோர் இணைப்புப் பக்கம் வந்துவிட்டார்கள். கம்யூன் மன்றங்களும் பொது வாக்கெடுப்பு இல்லாமலே இணைப்பு வேண்டும் என்றன. கடைசியில் மக்களுக்குப் பதிலாக அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும் கூடி முடிவு சொல்வது என்று ஏற்பாடாயிற்று. கூடிய இடமும் நகரம் அல்ல, மேற்கே இருக்கும் கீழூர் என்ற சிற்றூர். நாள் 1954 அக்டோபர் 18.

அலுவலகத்தில் பல கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஏற்பாடு சுத்தமாக இருந்தது. யார் வரலாம் என்பதில் குழப்பமில்லை. கேள்வி ஒன்றே ஒன்று. 178 பேர் வாக்களித்தார்கள். ஆதரவு 170, எதிர்ப்பு 8. மூன்றே நாளில், அக்டோபர் 21 அன்று, டெல்லியில் உடன்பாடு கையெழுத்தானது. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16. கீழூரில் இன்றும் நினைவு மண்டபம் இருக்கிறது.

என் அப்பாவுக்கு மட்டும் ஒரு மனக்குறை இருந்தது. "சந்திரநாகூர்க்காரனைக் கேட்டான், என்னை யார் கேட்டது?" என்பார். பட்டியலில் பெயர் இல்லாதவரின் குறை அது. 1962க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. இந்தியனாகவே இருந்தார், ஆனாலும் கேட்கப்படாத வருத்தம் போகவில்லை.

அந்த எட்டுப் பேரை நான் அடிக்கடி நினைப்பேன். எதிர்ப்பார்கள் என்று அவர்களை யாரும் ஒதுக்கிவிடவில்லை. அவர்களும் வந்தார்கள், அவர்கள் வாக்கும் எண்ணப்பட்டது. 170 என்ற எண்ணுக்கு மதிப்பு வந்ததே அந்த எட்டினால்தான்.

போன தடவை எங்கள் கூட்டத்துக்கு ஒரு நண்பரைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். எதற்கெடுத்தாலும் மறுப்புச் சொல்கிறவர். விஷயம் தெரிந்தபின் அவர் போன் செய்வதையே நிறுத்திவிட்டார். எழுபதைத் தாண்டிய வயதில் இன்னொரு கூட்டத்தில் சரிசெய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியுமா?

காகிதத்தில் அவர் பெயரையும் சேர்த்தேன். இப்போது ஏழு பேர். முதல் போன் அவருக்குத்தான்.