லாகிரி எது? ஒரு பழைய வினாவின் வரலாறு

வடபழனியில், ஆற்காடு சாலையை ஒட்டிய தெருவொன்றில் எனக்குப் பழக்கமான குடும்பம் ஒன்று உண்டு. “என் மகன் குடிப்பவனல்லன், பீடி, சிகரெட் தொட்டவனுமல்லன்” என்று அத்தந்தை பெருமையோடு கூறுவார். ஒருநாள் பையனுடைய கட்டிலுக்கடியில் இருமல் மருந்துப் புட்டிகள் இருபதுக்கு மேல் அகப்பட்டன. அத்தனையும் காலி. வீட்டிலோ எவருக்கும் இருமலில்லை. அதட்டிக் கேட்டதற்கு, “இது மருந்துதானே, அத்தா! ஹராமா என்ன?” என்றானாம். மறுமொழி சொல்ல இயலாமல் என்னிடம் வந்தார்.

பையன் தப்பிக்கக் கேட்டானோ, தெரியாமல் கேட்டானோ, அவ்வினாவுக்கு எழுநூறு ஆண்டு வயதாகிறது.

கெய்ரோவில் வாழ்ந்து ஹிஜ்ரீ 684-இல் (கி.பி. 1285) மறைந்த மாலிக்கீ மத்ஹபின் பேரறிஞர் இமாம் அல்கராஃபீ (ரஹ்) அவர்கள் தமது ‘அல்ஃபுரூக்’ என்னும் நூலில் இதனை ஆராய்ந்திருக்கிறார்கள். மிஸ்ரு நாட்டில் கஞ்சாவின் இனமாகிய ஹஷீஷ் பரவியிருந்த காலம் அது. அறிவை மறைக்கும் பொருள்களை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். ஐம்புலன்களையும் சேர்த்து உறங்கச் செய்வது ‘முர்கித்’. புலன்கள் விழித்திருக்க, களிப்பையும் கிளர்ச்சியையும் ஊட்டி அறிவை மறைப்பது ‘முஸ்கிர்’, மது இவ்வகை. களிப்பின்றி அறிவைக் குழப்புவது ‘முஃப்ஸித்’. ஹஷீஷ் இவ்வகை என்பது அவர்கள் முடிவு. வெறும் சொல்லாராய்ச்சியன்று இது. முதல் வகையாயின் தண்டனை வேறு, இரண்டாம் வகையாயின் வேறு. மதுவில் ஒரு துளியும் ஆகாது. அபினிலோ, அறிவையும் புலனையும் தாக்காத சிற்றளவுக்கு இடமுண்டு என்றார்கள். கி.பி. 1328-இல் மறைந்த இப்னு தைமிய்யா அவர்கள் இதனை ஏற்கவில்லை; ஹஷீஷும் மதுவைப் போன்ற முஸ்கிரே, அதே தண்டனைக்குரியதே என வாதிட்டார்கள். எப்பெயரிட்டாலும் அறிவை இழக்கும் அளவுக்கு உட்கொள்வதை இருவரில் எவரும் அனுமதிக்கவில்லை என்பதைப் பையன்கள் கவனிக்க வேண்டும்.

வகைப்படுத்துவோரும் தவறுவதுண்டு. யமன் நாட்டு சூஃபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருக்க அருந்திய காப்பியை, 1511-இல் மக்காவின் அதிகாரியாயிருந்த காயிர் பேக் தடைசெய்தார். மருத்துவர்கள் சாட்சி கூறினர். கொட்டைகள் தெருவில் எரிக்கப்பட்டன. ‘கஹ்வா’ என்ற சொல் முன்னர் மதுவுக்கும் வழங்கியமை ஐயத்தை வளர்த்தது. கெய்ரோவிலிருந்த சுல்தான் அத்தடையைத் தளர்த்திவிட்டார். இன்று நம் வலீமா விருந்துகளில் காப்பி இல்லாவிட்டால்தான் சச்சரவு!

நம் நாட்டில் இவ்வினாவைக் கருவூலமும் சேர்ந்து தீர்மானித்தது. அபினைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்ட கும்பினியார் 1820-இல் காஜிப்பூரில் ஆலை நிறுவினர். அபின் சீனத்துக்குச் சென்றது, பணம் இங்கு வந்தது. கஞ்சாவைப் பற்றி 1893-இல் அமைக்கப்பட்ட விசாரணைக் குழு ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, மிதமான பழக்கத்தால் பெருங்கேடில்லை, தடையைவிட வரியே ஏற்றது என்றது. நம் மாகாணத்தில் இராஜாஜி 1937 அக்டோபர் முதல் நாள் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு பின்னர் நின்றது. 1948-இல் மாகாணமெங்கும் திரும்பியது. 1971-இல் மீண்டும் நீங்கியது. 2003 முதல் மதுக்கடைகளை அரசு நிறுவனமே நடத்துகிறது. வரி மறைந்தது, மது வந்தது என்றில்லை; இரண்டும் நிலைத்துவிட்டன.

1985 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த போதைப் பொருள் சட்டமும் விசித்திரமானதே. கஞ்சாச் செடியின் பூங்கொத்து குற்றம். கொத்தில்லாத இலை அச்சட்டத்தின் கஞ்சா அன்று. வட இந்தியப் ‘பாங்’ அவ்வழியே தப்பியது. நாட்டில் மிகுதியான குடும்பங்களை அழிக்கும் மதுவும் புகையிலையும் அதன் பட்டியலிலேயே இல்லை. அவற்றுக்கு வேறு சட்டங்கள்.

இனி அப்புட்டிகளுக்கு வருவோம். அவற்றிலிருந்தது கோடீன். அபினில் இயற்கையாக உள்ள பொருள் அது; உட்கொண்டபின் ஈரல் அதில் ஒரு பகுதியை மார்ஃபீனாக மாற்றுகிறது. ஆகவே பையன் அருந்தியது, சர்க்கரைப் பாகில் கரைத்த அபினின் பிள்ளையைத்தான். 1961-ஆம் ஆண்டு உலக உடன்படிக்கை ஹெராயினை மிகக் கடுமையான அட்டவணையிலும், கோடீன் கலந்த மருந்துகளை மிக இலேசான அட்டவணையிலும் வைத்தது. அளவும் மருத்துவர் மேற்பார்வையும் இருக்கும் என்னும் நம்பிக்கையில் தரப்பட்ட சலுகை அது. இந்தியாவில் 2013-இல் கோடீனை ‘எச்-1’ அட்டவணையில் சேர்த்தார்கள். மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது. வாங்குபவர் பெயரைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும். இருபது புட்டிகளில் எத்தனை பதிவேட்டில் ஏறினவோ!

“அப்படியானால் அவன் குடிகாரனா?” என்று தந்தை கேட்டார். ‘நோயாளி’ என்றேன். அடையாற்றில் 1980 முதல் இத்தகையோருக்கென்றே இயங்கிவரும் டி.டி. ரங்கநாதன் மையத்தின் முகவரியைக் குறித்துக் கொடுத்தேன். போகும்முன் அவர் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து, ஒட்டியிருந்த சீட்டைக் காட்டி, “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்றார். சிவப்புக் கட்டத்துக்குள், மருத்துவர் ஆலோசனையின்றி உட்கொள்வது ஆபத்து என்று எச்சரிக்கை இருந்தது. ஆங்கிலத்தில், எறும்பெழுத்தில். நான் வாசித்துச் சொல்ல, அவர் இருமுறை கேட்டுக்கொண்டார்.