வாங்குவதா, லீஸுக்கு எடுப்பதா? – அமெரிக்கக் கூரைகளில் ஒரு வரிக் கதை

பி.காம். படிக்கும் எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்கும். ஒரு இயந்திரத்தின் விலை இவ்வளவு, ஆயுள் இத்தனை வருடம், வரி விகிதம் இவ்வளவு. கம்பெனி அதை வாங்கலாமா, லீஸுக்கு எடுக்கலாமா? தேய்மானம் போட்டு, வரிச் சேமிப்பைக் கழித்து, இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து விடை எழுதுவோம். நான்கைந்து கணக்கு போட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் புரிந்துவிடும். இயந்திரம் எப்படிப்பட்டது என்பதைவிட, வரிச்சலுகை யார் கைக்குப் போகிறது என்பதுதான் பெரும்பாலும் விடையைத் தீர்மானிக்கிறது.

இதே கணக்கு அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீட்டுக் கூரைகளில் ஏறிய கதைதான் இந்தக் கட்டுரை. அங்கே வீட்டுக்கு சோலார் போட நினைப்பவர் முன் இரண்டு வழிகள். சொந்தப் பணத்திலோ கடனிலோ தகடுகளை வாங்கிவிடலாம். இல்லையென்றால் ஒரு கம்பெனி இலவசமாகப் பொருத்திக் கொடுக்கும், 20 வருடம் மாத வாடகை கட்டலாம். ஒரு காலத்தில் எல்லோரும் வாங்கினார்கள், ஒரு காலத்தில் லீஸ் பக்கம் ஓடினார்கள், மறுபடி வாங்கினார்கள். ஏன் இப்படி மாறி மாறி? வெயில் எல்லா வருடமும் ஒன்றாகத்தான் அடித்தது. மாறியது சட்டம்.

முதல் வாடகை வெந்நீர்

சோலார் லீஸ் ஏதோ சிலிக்கான் பள்ளத்தாக்கின் புதுக் கண்டுபிடிப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். இடம் சரிதான், காலம்தான் தவறு. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975-லேயே கலிபோர்னியாவின் சான்டா கிளாரா நகராட்சி இதை ஆரம்பித்துவிட்டது. சூரிய வெப்பத்தில் தண்ணீர் சுட வைக்கும் கருவிகளை நகராட்சியே வாங்கிப் பொருத்திப் பராமரிக்கும். வீட்டுக்காரர் பொருத்துவதற்கு ஒரு தொகையும், பிறகு மாதாமாதம் கட்டணமும் கட்டினால் போதும். தண்ணீர் வரி கட்டுவது மாதிரி.

ஆனால் மத்திய அரசு வேறு வழியில் போனது. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், சோலார் வாங்கும் வீட்டுக்காரருக்கு வரிக்கழிவு கொடுத்தது. (வரிக்கழிவு என்றால் வருமானத்தில் கழிப்பது இல்லை. கட்ட வேண்டிய வரியிலேயே நேராகக் கழித்துக்கொள்வது. அதனால் மதிப்பு அதிகம்.) 1980-ல் இது செலவில் 40 சதவீதம், அதிகபட்சம் 4,000 டாலர் என்று உயர்ந்தது. சலுகை வாங்குபவருக்கு என்பதால் மக்களும் வாங்கினார்கள். தெருவுக்குத் தெரு சோலார் வெந்நீர்க் கம்பெனிகள் முளைத்தன.

1985 முடிவில் அந்தச் சலுகை காலாவதியானது. ஏராளமான கம்பெனிகள் இழுத்து மூடிவிட்டுப் போயின. கூரையில் கருவி இருந்தது, ரிப்பேர் செய்ய ஆள் இல்லை. வாங்கியவருக்கு உரிமையோடு சேர்ந்து தலைவலியும் சொந்தமாகிவிட்டது. கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் 1979-ல் வைத்த தகடுகளும் 1986-ல் இறக்கப்பட்டன. அதற்குப் பிறகு 20 வருடம், 2005 வரை, வீட்டுக்காரருக்கு மத்திய அரசின் சோலார் வரிக்கழிவு எதுவும் கிடையாது. ஆனால் வணிக நிறுவனங்களுக்கு அது தொடர்ந்தது. 1992-ல் 10 சதவீதம் என்று நிரந்தரமே ஆக்கப்பட்டது. இந்த ஓரவஞ்சனையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

லாபம் இல்லாதவனுக்கு வரிச்சலுகை எதற்கு?

கொஞ்சம் பின்னால் போவோம். 1962-ல் அமெரிக்கா, இயந்திரம் வாங்கும் கம்பெனிகளுக்கு முதலீட்டு வரிக்கழிவு கொண்டுவந்தது. ஒரு சிக்கல்: நஷ்டத்தில் ஓடும் கம்பெனி வரியே கட்டாது, பிறகு எதில் கழிப்பது? வழி கண்டுபிடித்தார்கள். லாபத்தில் கொழிக்கும் வங்கி விமானத்தை வாங்கும், வரிக்கழிவையும் தேய்மானத்தையும் எடுத்துக்கொள்ளும், விமானத்தை விமானக் கம்பெனிக்கு மலிவாக லீஸுக்கு விடும். 1981 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், காகிதத்தில் மட்டும் லீஸ் எழுதி வரிச்சலுகையை விற்கவே அனுமதித்தது. அந்த வருடமே ஃபோர்டு தன் புதுக் கருவிகளின் வரிச்சலுகையை ஐபிஎம்முக்கு விற்றது. ஊரே கூச்சல் போட, அடுத்த வருடமே காங்கிரஸ் கடிவாளம் போட்டது.

லீஸ் என்பது வெறும் வாடகை மட்டும் இல்லை, வரிச்சலுகையை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கடத்தும் வாகனமும்கூட என்று வங்கிகள் அன்றே தெரிந்துகொண்டன. விமானத்துக்குப் போட்ட அதே கணக்கைப் பிற்பாடு வீட்டுக் கூரைக்கும் போட்டார்கள்.

2,000 டாலர் உச்சவரம்பு

2005-ல் புஷ் கையெழுத்திட்ட எரிசக்திச் சட்டம் சோலாருக்கு 30 சதவீத வரிக்கழிவு கொடுத்தது. நிறுவனங்களுக்கு உச்சவரம்பு இல்லை. வீட்டுக்காரருக்கோ அதிகபட்சம் 2,000 டாலர்தான்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். அன்றைக்கு ஒரு வீட்டுக்கு 5 கிலோவாட் சோலார் போட 40,000 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

வீட்டுக்காரர் வாங்கினால் வரிக்கழிவு 2,000 டாலர். கதை முடிந்தது.

அதே தகடுகளை, அதே கூரையில், ஒரு கம்பெனி வாங்கி லீஸுக்கு விட்டால் வரிக்கழிவு 12,000 டாலர். அதோடு தேய்மானம். வரிக்கழிவில் பாதியைக் கழித்துவிட்டு மீதி 34,000 டாலரை ஐந்து வருடக் கணக்கில் வேகமாக எழுதிவிடலாம். அன்றைய கம்பெனி வரி 35 சதவீதம். ஆக, அதில் மிச்சம் 11,900 டாலர். இரண்டையும் கூட்டினால் 23,900. வாடகையாக வரும் வருமானத்துக்கு வரி உண்டுதான். ஆனாலும் விலையில் பாதிக்கு மேல் அரசாங்கப் பணம்!

ஒரே கூரை, ஒரே தகடு, ஒரே வெயில். ஒருவருக்கு 2,000, இன்னொருவருக்கு 23,900. இதைப் பார்த்த பிறகும் லீஸ் கம்பெனிகள் முளைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கடைகளுக்கு இந்த வழியை 2003-லேயே காட்டியவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஜிகர் ஷா. அவருடைய சன்எடிசன் கம்பெனி கடைகளின் கூரையில் தகடு வைத்து மின்சாரத்தை மட்டும் விற்றது. வீடுகளுக்கு இதைக் கொண்டுவந்தவை 2007-ல் தொடங்கிய சன்ரன், 2008-ல் லீஸ் திட்டம் அறிவித்த சோலார்சிட்டி போன்றவை. சோலார்சிட்டியை 2006-ல் தொடங்கியவர்கள் லிண்டன் ரைவ், பீட்டர் ரைவ் என்ற சகோதரர்கள். தலைவர் அவர்களுடைய உறவினர் ஈலோன் மஸ்க்.

இந்தக் கம்பெனிகளும் நஷ்டத்தில்தான் ஓடின, வரி கட்டும் நிலையில் இல்லை. அதனால் பழைய விமான வித்தைதான். வங்கிகளும் பெரிய கம்பெனிகளும் நிதிகளில் பணம் போட்டு வரிச்சலுகையை எடுத்துக்கொண்டன. 2011-ல் கூகுள் இப்படி ஒரு சோலார்சிட்டி நிதிக்கு 28 கோடி டாலர் கொடுத்தது.

2008 அக்டோபரில் வீட்டுக்காரருக்கான 2,000 டாலர் உச்சவரம்பு நீக்கப்பட்டது. அப்படியென்றால் தராசு சமமாகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. முதல் காரணம், வீட்டு விலைகள் சரிந்து கையில் பணமும் கடன் கொடுக்க ஆளும் இல்லாத நேரம் அது. இரண்டாவது, வரிக்கழிவு என்பது வரி கட்டுபவருக்குத்தான். ஓய்வூதியத்தில் வாழ்ந்து சொற்ப வரி கட்டுபவர் அதை வைத்து என்ன செய்வார்? மூன்றாவது, வங்கிகளே நஷ்டத்தில் இருந்ததால் 2009-ல் ஒபாமா அரசு வரிக்கழிவுக்குப் பதிலாக 30 சதவீதத்தை ரொக்கமாகவே கொடுத்தது, ஆனால் நிறுவனங்களுக்கு மட்டும். சொந்த வீட்டுக்கு வாங்கியவருக்கு ரொக்கம் கிடையாது, தேய்மானமும் கிடையாது. விளைவு, 2012 முதல் 2014 வரை புதிதாகப் போட்ட வீட்டு சோலாரில் பாதிக்கு மேல் கம்பெனிகளுக்குச் சொந்தமானது.

இந்த ரொக்கம் எதன் மேல் கணக்கிடப்பட்டது என்பதிலும் வழக்கு வந்தது. கருவியின் மதிப்பைக் கூட்டிக் காட்டி அதிகம் வாங்கியதாக நீதித்துறை சொன்ன புகாரில், சோலார்சிட்டி 2017-ல் 2.95 கோடி டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. (புகார் நிரூபிக்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

வீட்டுக்காரருக்கு என்ன கிடைத்தது?

நியாயமாகச் சொன்னால், நிறைய கிடைத்தது. ஒரு டாலர்கூடப் போடாமல் முதல் மாதமே கரண்ட் பில் குறைந்தது. ரிப்பேர் கம்பெனியின் பொறுப்பு. 1985-ல் அநாதையான வெந்நீர்க் கருவிகளை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் வாடகை எப்படி நிர்ணயிக்கப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தகட்டின் அடக்க விலையை வைத்து இல்லை, அந்த ஊர் மின் கட்டணத்தைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால் போதும் என்று வைத்தார்கள். 2008-ல் ஒரு வாட்டுக்கு 8 டாலருக்கு மேல் இருந்த வீட்டு சோலார் செலவு 2016-ல் 4 டாலர் அளவுக்கு இறங்கியது. பழைய ஒப்பந்தக்காரரின் வாடகை இறங்கவில்லை. பல ஒப்பந்தங்களில் அது வருடத்துக்கு 2.9 சதவீதம் வரை ஏறியது. கேட்க அற்பமாக இருக்கும். முதல் வருடம் மாதம் 100 டாலர் என்றால் 20-ஆம் வருடம் 172 டாலர். மொத்தம் கட்டியது சுமார் 31,900 டாலர். கடைசியில் தகடு கம்பெனியுடையது.

வீட்டை விற்கும்போது இன்னொரு சிக்கல். "கூரையில் இருப்பது எங்கள் கருவி" என்று கம்பெனி பதிவு அலுவலகத்தில் குறித்து வைத்திருக்கும். வீடு வாங்குபவர் மிச்ச வருட வாடகையை ஏற்க வேண்டும், அல்லது விற்பவர் மொத்தமாகக் கட்டித் தீர்க்க வேண்டும். அப்பா போட்ட கையெழுத்துக்குப் பிள்ளைகள் வீட்டை விற்கும்போது பதில் சொல்ல வேண்டி வரும்.

விலை இறங்க இறங்க மக்கள் கணக்கு போட ஆரம்பித்தார்கள். சோலார் கடன் கம்பெனிகள் வந்தன, மறுபடி வாங்குவது மேலோங்கியது. அதிலும் பொறி இல்லாமல் இல்லை. வட்டி குறைவு என்று விளம்பரம் செய்துவிட்டு, ஒரு கட்டணத்தை அசலிலேயே சேர்த்துவிடுவார்கள். இதனால் கடன் தொகை ரொக்க விலையைவிடப் பல நேரம் 30 சதவீதமோ அதற்கு மேலோ கூடியதாக 2024-ல் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு எழுதியது.

கம்பெனிகளின் கதி? சன்எடிசன் 2016-ல் திவால். சோலார்சிட்டியை அதே வருடம் டெஸ்லா வாங்கியது. 2024-ல் சன்பவர், 2025-ல் லீஸ் கொடுத்த சன்னோவா, கடன் கொடுத்த மொசைக் என வரிசையாகத் திவால் மனு போட்டன. கம்பெனி போனாலும் ஒப்பந்தம் போகாது. அதை வேறு யாராவது வாங்கி வாடகை வசூலிப்பார்கள். ரிப்பேருக்குக் கூப்பிட்டால் வருவார்களா என்பது வேறு கேள்வி.

மறுபடியும் அதே இடம்

2022-ல் பைடன் கொண்டுவந்த சட்டம் இருவருக்கும் 30 சதவீதம் கொடுத்தது. ஆனால் உள்நாட்டுப் பொருள் போன்ற காரணங்களுக்காகக் கூடுதல் சலுகை நிறுவனங்களுக்கு மட்டும்தான். 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் வீட்டுக்காரரின் வரிக்கழிவை 2025 டிசம்பர் 31-ஓடு முடித்துவிட்டது. லீஸ் கம்பெனிகளுக்கோ, சில நிபந்தனைகளோடு, 2026 ஜூலை 4-க்குள் வேலை தொடங்கினாலோ 2027 இறுதிக்குள் இயங்க ஆரம்பித்தாலோ சலுகை உண்டு என்று வைத்தது. அதாவது, 2006-ல் 2,000-க்கு எதிராக 12,000. 2026-ல் பூஜ்யத்துக்கு எதிராக 30 சதவீதம். இருபது வருடம் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது வண்டி.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். லீஸ் ஏமாற்று என்பதும் தவறு, வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பதும் தவறு. சட்டம் கம்பெனிக்குச் சாய்ந்த வருடங்களில் லீஸ் எடுத்தவர் முட்டாள் இல்லை, அவருக்கு வேறு வழியில் அந்தச் சலுகை கிடைத்திருக்காது. கேட்க வேண்டிய கேள்வி, "என் கூரையைக் காட்டி வாங்கும் அரசாங்கப் பணத்தில் எனக்கு எவ்வளவு தருகிறாய்?" என்பதுதான். விற்பனையாள் வீட்டு வாசலில் அதைச் சொல்ல மாட்டார். மின் கட்டணத்தோடு மட்டும் ஒப்பிட்டுக் காட்டுவார். அடக்க விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது நாம்தான்.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் யாராவது இப்படி ஒப்பந்தம் போட்டிருந்தால், வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏறுகிறது என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முடிந்தால் இங்கேயும் சொல்லுங்கள், சேர்ந்து கணக்கு போடுவோம்.