பொத்தானுக்குப் பின்னால் ஒரு கதாசிரியர்

தெற்கே சில தெருக்கள் – 18

தேர்தல் நாளன்று மயிலாப்பூர் மாநகராட்சிப் பள்ளிக்கூடங்களில் காலை ஏழு மணிக்கே வரிசை நின்றுவிடும். வாக்கிங் முடித்து அப்படியே வந்த மாமா, பூக்கூடையைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டு வந்த அக்கா, முதல் ஓட்டுப் போடும் காலேஜ் பெண் எல்லோருக்கும் ஒரே வரிசைதான். விரலில் மை வைத்துக்கொண்டு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போகிறோம். நீலப் பொத்தானை அமுக்குகிறோம். சிவப்பு விளக்கு எரிகிறது. நீளமாக ஒரு ‘பீப்’. வேலை முடிந்தது.

அந்தச் சத்தத்துக்கும் வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கும் நெருங்கிய உறவு உண்டு. போன வாரம் 1901இல் குப்புசாமி ஐயர் தொடங்கிய அல்லயன்ஸ் கம்பெனி என்ற பதிப்பகத்தின் வாசலில் நின்றோம். இந்த வாரம் அங்கிருந்து கிழக்கே கடற்கரைக்கு நடக்க வேண்டும். ஆனால் நேர்வழியில் போகாமல், கொஞ்சம் சுற்றி ஜெர்மனி வழியாகப் போவோம்.

கோத்தா வாத்தியார்

விஞ்ஞானக் கதை என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவர்கள் பிரான்சின் ழூல் வெர்னும் இங்கிலாந்தின் எச்.ஜி.வெல்ஸும்தான். செவ்வாய் கிரகத்துக்காரர்கள் பூமிமேல் படையெடுத்து வரும் வெல்ஸின் கதை 1897இல் பத்திரிகைத் தொடராக வந்தது. அதே 1897இல் ஜெர்மன் மொழியிலும் செவ்வாய்க்காரர்கள் வந்து இறங்கினார்கள். எழுதியவர் குர்ட் லாஸ்விட்ஸ். கோத்தா என்ற சிறிய நகரத்தின் பள்ளிக்கூடத்தில் கணக்கும் பௌதிகமும் சொல்லிக்கொடுத்த வாத்தியார். நாவலின் பெயர் ‘இரு கிரகங்களில்’.

வெல்ஸின் செவ்வாய்க்காரர்கள் வந்ததும் கொல்கிறார்கள். லாஸ்விட்ஸின் செவ்வாய்க்காரர்கள் படித்தவர்கள், பண்பானவர்கள்; வட துருவத்தில் நிலையம் போட்டு, மனிதர்களுக்கு நல்லது செய்யலாம் என்றுதான் வருகிறார்கள். நல்லது செய்ய ஆரம்பித்தவர்கள் மெல்ல ஆள ஆரம்பிக்கிறார்கள். ஐரோப்பா அவர்களின் ‘பாதுகாப்பின்’ கீழ் வருகிறது. வெள்ளைக்காரன் நமக்குச் செய்ததை வெள்ளைக்காரனுக்கே இன்னொருவர் செய்தால் எப்படியிருக்கும் என்ற கேள்வி அது. பிற்காலத்தில் ராக்கெட் விஞ்ஞானியான வெர்னர் ஃபான் பிரவுன் இளம் வயதில் விரும்பிப் படித்த புத்தகம். ஜனநாயக வாடை அதிகம் என்று நாஜி ஆட்சியில் ஒதுக்கப்பட்ட புத்தகமும் அதுதான். லாஸ்விட்ஸ் 1910இல் காலமானார். ஜெர்மன் விஞ்ஞானக் கதைகளுக்கு இன்றும் அவர் பெயரில் பரிசு தருகிறார்கள்.

மாதச் சம்பளத்துக்கு ஓர் உத்தியோகம். ராத்திரியில் எழுத்து. ஆங்கிலம் அல்லாத ஒரு மொழி. நல்லெண்ணத்தோடு ஆள வருபவர்கள்மேல் ஒரு சந்தேகம். இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு ஊர் திரும்புவோம்.

திருவல்லிக்கேணி, ஸ்ரீரங்கம், குரோம்பேட்டை

ஜெர்மனி நம் பேட்டைக்கும் வந்தது. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு அடையாறு பக்கத்தில், கிண்டிக் காட்டை ஒட்டி ஐ.ஐ.டி. எழுந்தது. 1973இல் அங்கே ஜெர்மன் உதவியாகவே ஐ.பி.எம். 370 என்ற பெரிய கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்தது. வளாகத்தின் புள்ளிமான்களுக்குத் தெரிந்த அளவுகூட அந்த இயந்திரத்தைப் பற்றி வேலிக்கு வெளியே இருந்த தமிழ் வாசகருக்குத் தெரியாது. அதைத் தமிழில் சொல்லப்போகிறவர் அப்போது பெங்களூரில், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தில் என்ஜினீயராக இருந்தார். பெயர் எஸ்.ரங்கராஜன். பத்திரிகையில் சுஜாதா.

1935 மே 3ஆம் தேதி திருவல்லிக்கேணியில் பிறந்தவர். அப்பாவுக்கு வேலையில் மாற்றல்கள் இருந்ததால் ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தார். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம், பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ். இரண்டு இடத்திலும் அவர் காலத்தில் படித்த இன்னொருவர் ராமேசுவரத்துப் பையன் அப்துல் கலாம். கலாம் ராக்கெட்டுக்குப் போனார். ரங்கராஜன் மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறைக்குப் போய், தில்லியில் சில வருடங்கள் இருந்துவிட்டு, பெங்களூர் சேர்ந்தார்.

முதல் கதை 1953இல் திருச்சியில் திருலோக சீதாராம் நடத்திய ‘சிவாஜி’ பத்திரிகையில் வந்தது. குமுதத்தில் எழுதத் தொடங்கியபோது ஒரு சிக்கல். அங்கே ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் இருந்தார். இரண்டு ரங்கராஜன்களால் குழப்பம் வேண்டாமென்று மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். 1968இல் ‘நைலான் கயிறு’ தொடர் வந்ததும் அந்தப் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்டது.

நாளையைத் தைத்த நூல்

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை வந்தால் பத்திரிகைக்குச் சண்டை. முதலில் அக்கா, அப்புறம் அம்மா, கடைசியில் நான். எல்லோரும் படித்த பிறகு தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கவனமாகப் பிரித்தெடுத்து, வருஷக் கடைசியில் பைண்டு செய்யக் கொடுப்போம். தி.நகரில் அந்த நாளில் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இப்படி சாயம்போன காலிகோ அட்டைக்குள் தொடர்கதைகள் தூங்கின. அவற்றில் ஒன்று எண்பதுகளில் ஆனந்த விகடனில் வந்த ‘என் இனிய இயந்திரா’. ஒரு பக்கம் சுஜாதா. அதன் முதுகில் தேங்காய் எண்ணெய் விளம்பரம்.

கதை நடக்கும் ஆண்டு 2021. நிலா, சிபி என்று ஒரு இளம் தம்பதி. அந்த நாட்டில் பெயருக்கு இரண்டெழுத்துதான் அனுமதி. பிள்ளை பெற்றுக்கொள்ளவும் அரசாங்கம் அனுமதிக்க வேண்டும். வயதாகி உபயோகமில்லாமல் போனால் இருக்கவும் முடியாது. பசி இல்லை, தெருவில் சண்டை இல்லை. ஜீவா என்ற தலைவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். ஒருநாள் சிபி காணாமல் போகிறான். நிலாவின் வீட்டுக்கு ரவி என்றொருவன் வந்து சேர்கிறான். கூடவே ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி. ஜீனோ புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது, வாயாடுகிறது. மனிதர்கள் யோசிப்பதை விட்டுவிட்ட ஊரில் இயந்திரம் யோசிக்கத் தொடங்குகிறது.

கடைசியில் தெரியவருவது: ஜீவா என்று ஓர் ஆளே இல்லை. வெறும் ஒளிப்பிம்பம். ஹோலோகிராம். இந்தத் தொழில்நுட்பத்தை 1981இல் குமுதத்தில் ‘கொலையுதிர் கால’த்திலேயே சுஜாதா கையாண்டிருந்தார். அங்கே கேள்வி, அவருடைய கதைநாயகர்கள் கணேஷும் வசந்தும் பார்த்தது பேயா, லேசரா என்பது. இங்கே அதே பிம்பத்தை நாற்காலியில் உட்கார வைத்தார். பேயைவிடப் பயங்கரம்.

கோத்தா வாத்தியாரின் செவ்வாய்க்காரர்களும் ஜீவாவும் ஒரே குலம். இரு தரப்பாரும் நல்லது செய்கிறார்கள். ஜீவாவை யாரும் கிட்டப் போய்ப் பார்ப்பதில்லை. சுஜாதாவின் விஞ்ஞானக் கதைகளில் விண்கலத்தைவிட அலுவலகம்தான் அதிகம் வரும். மனு, அனுமதிச் சீட்டு, அடையாள எண், வரிசை. இந்திய அரசாங்க உத்தியோகத்தில் இருந்த ஒருவர் எதிர்காலத்தை எப்படிக் கற்பனை செய்வாரோ அப்படி. அவர் பயந்தது எந்திரத்தைப் பார்த்து அல்ல, எந்திரத்துக்குப் பின்னால் யாரென்று கேட்காத மனுஷரைப் பார்த்து.

பயமுறுத்துவது மட்டும் அவர் வேலையில்லை. ‘திமலா’ என்ற சிறுகதையில் மூச்சுவிட நேரமில்லாத எதிர்காலத் தம்பதி, எப்படியோ நேரம் பிடித்து ‘திமலா’ என்ற இடத்துக்குப் போகிறார்கள். போய்ச் சேர்ந்த பிறகுதான் அது நம்முடைய திருமலை என்று நமக்கு உறைக்கிறது. எத்தனை நூற்றாண்டு கழிந்தாலும் தரிசனத்துக்குச் சில நொடிதான்! பெருமாளும் கம்ப்யூட்டரும் ஒரே வாக்கியத்தில் கூச்சமில்லாமல் உட்கார்ந்தது தமிழில் அவர் கையால்தான்.

மொழியிலும் அதே சாமர்த்தியம். கம்ப்யூட்டர் பற்றிய புத்தகத்துக்கு ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ என்று பெயர். தெருவில் கட்டம் போட்டு நொண்டியடிக்கும் பெண் கையில் இருக்கும் அதே சில்லு. ‘தலைமைச் செயலகம்’ என்று ஒரு நூல். கோட்டை அரசியல் என்று நினைத்துப் பிரித்தால் உள்ளே மனித மூளை. ஜூனியர் விகடனில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்று வாசகர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதினார். மக்களிடம் அறிவியலைக் கொண்டுசேர்த்ததற்காக 1993இல் மத்திய அரசின் விருது கிடைத்தது.

எழுதியது பெங்களூரில் என்றாலும் அச்சானது நம் பேட்டையில்தான். தி.நகரின் விசா பதிப்பகமும் திருமகள் நிலையமும் அவர் நூல்களை அடுக்கடுக்காகப் போட்டன. பின்னாளில் அபிராமபுரத்து உயிர்மையும் சேர்ந்துகொண்டது. பாண்டி பஜாரில் புடவை எடுக்க வந்தவர்கள், திரும்பும்போது கட்டைப்பையில் ஒரு சுஜாதாவையும் போட்டுக்கொண்டு போன காலம் அது.

ஆறு வோல்ட்டில் ஒரு நாடு

இனி அந்தப் பொத்தான். ஓட்டு எந்திரம் ஒருவர் கண்டுபிடிப்பு அல்ல. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ஹைதராபாத் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் என்ற இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள் தேர்தல் கமிஷனுக்காகச் செய்துகொடுத்தது. பெங்களூரில் அதன் வடிவமைப்பையும் தயாரிப்பையும் மேற்பார்த்தவர்களில் ரங்கராஜன் முக்கியமானவர். அதற்காக ‘வாஸ்விக்’ தொழிலாராய்ச்சி விருதும் பெற்றார்.

எந்திரத்தின் முதல் அனுபவமே கோர்ட்டில் முடிந்தது. 1982 மே மாதம், கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் வைத்துப் பார்த்தார்கள். சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி.ஜோஸ் வழக்குப் போட்டார். ஓட்டுச் சீட்டு என்றுதான் சட்டத்தில் இருக்கிறது, எந்திரத்துக்கு இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த 50 சாவடிகளில் சீட்டு வைத்து மறுபடி ஓட்டெடுத்தார்கள். ஜோஸ் ஜெயித்தார். 1988 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் எந்திரத்துக்கு வழி பிறந்தது. 2001இல் தமிழக சட்டமன்றத் தேர்தல் முழுக்கவும், 2004இல் மக்களவையின் 543 தொகுதிகளிலும் அதுதான்.

பார்க்க சாதுவான பெட்டி. கரண்டு தேவையில்லை; அந்த நாளில் ஆறு வோல்ட் பேட்டரியே போதுமாக இருந்தது. மேஜைமேல் அதிகாரியிடம் ஒரு பெட்டி, தடுப்புக்குள் நம்மிடம் ஒன்று, இரண்டையும் சேர்க்க ஐந்து மீட்டர் கேபிள். அதிகாரி தன் பெட்டியில் அனுமதித்தால்தான் நம் பெட்டி ஓர் ஓட்டை வாங்கும்.

இந்த இரண்டு வேலையும் நடந்தது ஒரே எண்பதுகளில், ஒரே மனிதர் கையில் என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. பகலில் ‘இந்த எந்திரத்தை நம்பலாம்’ என்று நாட்டுக்கு நிரூபிக்க வேண்டிய உத்தியோகம். ராத்திரியில், கண்ணால் பார்க்காத எதையும் நம்பாதே என்று சொல்லும் கதை. இரண்டும் முரண் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல என்ஜினீயர் தன் எந்திரத்தில் முதலில் தேடுவது அது எங்கே தப்புச் செய்யும் என்பதைத்தான். சுஜாதா தேடிய தப்புகளில் சர்க்யூட்டுக்கு உள்ளே இருந்தவை ஆபீஸ் ஃபைலுக்குப் போயின. வெளியே இருந்தவை விகடனுக்கு வந்தன.

கலங்கரை விளக்கம் வரை

1993இல் ஓய்வு பெற்று சென்னை வந்தார். மெரினாவில் நடை. நடையில் கண்டதும் கேட்டதும் விகடனின் ‘கற்றதும் பெற்றதும்’ பத்தியில் வரும். இணையம் தமிழுக்குப் புதிதாக இருந்தபோதே ‘அம்பலம்’ என்ற மின்னிதழுக்கு ஆசிரியராக இருந்தார். சினிமாவில் அவர் எழுதிய ‘விக்ரம்’ 1986இலேயே வந்துவிட்டது. அதில் களவுபோகும் ஏவுகணையின் பெயர் அக்னிபுத்ரா. மூன்று வருடம் கழித்து 1989இல் இந்தியா நிஜமாகவே ஏவிச் சோதித்ததன் பெயர் அக்னி. அந்தத் திட்டத்தின் பின்னால் இருந்தவர், பழைய கல்லூரிக்காரர் கலாம்.

2008 பிப்ரவரி 27 அன்று சென்னையில் சுஜாதா காலமானார். இரண்டரை வருடம் கழித்து, 2010 அக்டோபரில் ‘எந்திரன்’ வெளியானபோது வசனத்தில் ஷங்கர், மதன் கார்க்கி பெயர்களோடு அவர் பெயரும் திரையில் வந்தது.

அவர் பார்க்காமல் போன ஒன்று உண்டு. எந்திரத்தில் அமுக்கிய ஓட்டு சரியாகத்தான் விழுந்ததா என்ற சந்தேகம் வலுத்து, 2013இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் பக்கத்தில் இன்னொரு பெட்டி வைத்தார்கள். 2019இல் நாடு முழுக்க வந்தது. பொத்தானை அமுக்கியதும் அதன் சின்னக் கண்ணாடி ஜன்னலில், நாம் ஓட்டுப் போட்ட சின்னம் அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு ஏழு நொடி தெரியும். பிறகு அறுந்து உள்ளே விழுந்துவிடும்.

திமலாவின் தரிசனம் போல அதுவும் சில நொடிதான். வரிசையில் பின்னால் நிற்பவர் ‘சீக்கிரம் வாங்க சார்’ என்பார். பரவாயில்லை, ஏழு நொடியும் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். ஜீவாவின் நாட்டில் அப்படி ஒரு ஜன்னல் இல்லை.

(தொடரும்)

அடுத்த வாரம்: தி.நகர்த் தெருவில் ஒரு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் – சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன்.