மட்டாஞ்சேரியும் மலைப் பயினியும்

மட்டாஞ்சேரி என்றதும் மிளகின் மணமே நம் நினைவுக்கு வரும். ஆயினும் கொச்சித் துறைக்கும் மலைக்காட்டுக்கும் இருந்த உறவு வாணிகத்தோடு நின்றதன்று.

1663-இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றினர். அவர்கள் செப்பனிட்ட அரண்மனையை மட்டாஞ்சேரியில் இன்றும் காண்கிறோம். அவர்களுடைய ஆளுநர் வான் ரீட், வைத்தியர் இட்டி அச்சுதனையும் கொங்கணியர் மூவரையும் துணைக்கொண்டு தொகுத்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்னும் மரஞ்செடி நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. மரங்களின் பெயரும் குணமும் சொன்னவர் வைத்தியர். புகழோ பெரும்பாலும் ஆளுநரைச் சேர்ந்தது! வைத்தியரின் சான்றுரையும் நூலில் அச்சேறியிருப்பது நமக்கு ஓர் ஆறுதல்.

அந்நூலின் நான்காம் தொகுதியில் பயினி மரம் படத்துடன் காணப்படுகிறது. 1753-இல் லின்னேயஸ் இதற்கு ‘வட்டேரியா இண்டிகா’ எனப் பெயரிட்டார். குறிஞ்சிப்பாட்டில் வரும் பயினியும் இதுவே என்பர் அறிஞர் சிலர். மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுங்காடுகளே இதன் தாயகம். உலகில் வேறெங்கும் இது இயல்பாக வளர்வதில்லை. பட்டையைக் கீறினால் வடியும் பிசினே வெள்ளைக் குங்கிலியம். வித்தின் கொழுப்பு மெழுகுவத்திக்கும் சவுக்காரத்துக்கும் உதவிற்று.

இருபதாம் நூற்றாண்டில் ஒட்டுப்பலகைக்காக இம்மரங்கள் பெருவாரியாக வெட்டப்பட்டன. 1998-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவை எதிர்நோக்கும் மரங்களுள் இதனையும் சேர்த்தது.

நெல்லைப் போல இதன் வித்தை உலர்த்திச் சேமித்தல் இயலாது. மழை தொடங்கும் பருவத்தில் உதிர்ந்து, ஈரமண்ணில் விரைந்து முளைத்தாக வேண்டும். உலர்ந்தால் உயிர் போய்விடும். ஆகவே, தாய்மரங்கள் அழிந்த காட்டில், களஞ்சியத்து வித்தைக் கொண்டு பயினியை மீண்டும் எழுப்ப வழியில்லை.