காலணாவும் குரலும்

1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தில் உட்கார்ந்து, கைபேசியில் தமிழ் மின்னூலகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சிந்து, கும்மி, வைத்தியம், நாவல். எதற்கும் விலையில்லை.

இந்தச் சிந்துகளும் கும்மிகளும் ஒரு காலத்தில் குஜிலிக் கடைச் சரக்கு. மட்டக் காகிதம், விலை காலணா, அரையணா. கொலை, வெள்ளம், ரயில் விபத்து எல்லாம் உடனுக்குடன் பாட்டாயின. விற்பவனே சந்தையிலும் ரயிலிலும் பாடிக்காட்டினான். வாங்கியவன் ஒருவன், கேட்டவர்கள் பலர். அவர்களுக்கு எழுத்தறிவு தேவைப்படவில்லை.

பண்டிதர்கள் இவற்றை இலக்கியமாக மதிக்கவில்லை. காலணாப் பிரசுரமானாலும் பிரதியை அரசிடம் கொடுக்கச் சொன்னது 1867ஆம் ஆண்டின் அச்சக, புத்தகப் பதிவுச் சட்டம். கண்காணிக்கத் திரட்டியவை ஆவணமாக மிஞ்சின. நம் ரசனை கைவிட்டதில் ஒரு பகுதியை அந்நிய அரசின் சந்தேகம் காப்பாற்றியது என்பது நமக்குப் பெருமையல்ல.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக்கினார்கள். பின்னர் மின்னூலகமும் வந்தது. காலணாத் தடையும் நீங்கியது. ஆனால் இங்கே தேட நூலின் பெயர் தெரிய வேண்டும்; பெயரைத் தட்ட எழுத்துத் தெரிய வேண்டும். குஜிலிப் புத்தகம் வாசகனைத் தேடித் தெருவுக்கு வந்தது. அதை மலிவாக்கியது விலை மட்டுமல்ல, விற்றவனின் குரலும்தான். அந்தக் குரலை நாம் இன்னும் பதிவேற்றவில்லை.